அட்டர்காப்: நஞ்சுத் தலையா, நஞ்சுச் சிலந்தியா?

ஏடகன்:

பழைய ஆங்கிலத்தில் சிலந்தியை 'ஆட்டர்கொப்பெ' என்று அழைத்தார்களே, அதன் பொருள் என்ன என்று வேறோர் இழையில் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே அந்தக் கேள்வி பேச்சோடு பேச்சாகக் கரைந்துவிட்டதால் தனி இழை தொடங்குகிறேன். பிற்காலத்தில் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இதே சொல் 'அட்டர்காப்' என்று வழங்கியது. சிடுசிடுப்பான ஆளைக் குறிக்கும் வசைச்சொல்லாகவும் அங்கே அது பயன்பட்டது.

என் விடை நேரானது. ஆட்டர் என்றால் நஞ்சு. கொப்பெ என்பது உச்சி, முகடு, உருண்ட தலை என்னும் பொருள் கொண்ட 'கொப்' என்ற சொல்லின் வழி வந்தது. ஆகவே இது நஞ்சுத்தலை.

முதற்பகுதியில் ஐயத்துக்கு இடமில்லை. பெயோவுல்ஃப் என்னும் பழைய ஆங்கிலக் காவியத்தின் 1459ஆம் அடியில் ஹ்ருன்டிங் என்னும் வாளின் அலகு நஞ்சுக் கோடுகளால் ஒளிர்வதாக வருகிறது. அங்கே இருப்பது இந்த ஆட்டர்தான். அதே காவியத்தின் பிற்பகுதியில் டிராகனுக்கு 'நஞ்சுப் பகைவன்' என்னும் பொருளில் ஒரு கூட்டுச்சொல் உண்டு, அதிலும் ஆட்டர் இருக்கிறது. ஒன்பது மூலிகை மந்திரம் என்று அறியப்படும் பழைய பாட்டில் நஞ்சை எதிர்க்கும் செடி ஒன்றுக்கு 'ஆட்டர்லாதெ' என்று பெயர். ஆகவே அந்தக் காலத்துக் கவிஞனுக்கும் மருத்துவனுக்கும் நாவில் புரண்ட சொல் இது.

இரண்டாம் பகுதியும் புதிரன்று. செஷயர், ஸ்டாஃபர்ட்ஷயர் எல்லையில் மோ காப் என்றொரு குன்று இன்றும் அதே பெயரில் நிற்கிறது. கதிரில் கூம்பாகச் சுற்றிய நூலையும் ஆங்கிலத்தில் காப் என்பார்கள். கோவைப் பக்கத்து நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்கு அச்சொல் தெரிந்திருக்கும். உருண்டு திரண்டு மேலே எழும் எதுவும் கொப். சிலந்தியைப் பார்த்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றியிருக்காது.

மொழிவேள்:

முதற்பகுதியில் உங்களோடு எனக்குப் பிணக்கு இல்லை. இரண்டாம் பகுதியில் 'நேரானது' என்று நீங்கள் சொல்லும் வழியில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, அதைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

சிலந்தி வலைக்கு ஆங்கிலத்தில் காப்வெப் என்று பெயர். இதன் இடைக்கால வடிவம் 'கொப்பெவெப்'. வெப் என்றால் வலை, நெசவு. அப்படியானால் கொப்பெ என்றால் என்ன? தலை என்றால் அது 'தலைவலை' ஆகிவிடும். முகடு என்றால் 'முகட்டு வலை'. இரண்டும் பொருளற்றவை. கொப்பெ என்றால் சிலந்தி என்று வைத்துக்கொண்டால் மட்டுமே சொல் நிற்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் கொப்பெ தனித்து நின்றே சிலந்தியைக் குறித்திருக்கிறது. வேல்ஸ் மொழியில் சிலந்திக்கு 'ப்ரீவ் கோப்பின்' என்பது இன்றும் வழக்கில் உள்ள பெயர். ப்ரீவ் என்றால் பூச்சி, கோப்பின் என்பது ஆங்கிலக் கொப்பெயைக் கடன் வாங்கியது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் வழங்கும் டச்சு வகையான மேற்கு ஃபிளெமிஷ் பேச்சில் 'கொபெ' என்றாலே சிலந்திதான். கடலுக்கு இக்கரையிலும் அக்கரையிலும் நஞ்சு என்ற முன்னொட்டு இல்லாமலேயே இந்தச் சொல் எட்டுக்கால் பூச்சியைக் குறிக்கிறது என்றால், அதன் அடிப்படைப் பொருள் சிலந்திதான் என்று கொள்வதே முறை. ஆட்டர்கொப்பெ என்பது 'நஞ்சுள்ள கொப்பெ', அதாவது கடிக்கும் இனத்துச் சிலந்தி. நஞ்சுத்தலை அன்று, நஞ்சுச் சிலந்தி.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பகுதி 1885இல் வெளிவந்தபோதே, கொப் என்னும் உச்சியையும் கிண்ணத்தைக் குறிக்கும் சொல்லையும் காட்டிவிட்டு, டச்சு மொழியின் சிலந்திப் பெயரையும் காப்வெப்பையும் ஒப்பிட்டால் கொப்பெ தனியாகவே சிலந்தியைக் குறித்திருக்கக் கூடும் என்று அதன் ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 140 ஆண்டுக்கு முன் எச்சரிக்கையோடு சொல்லப்பட்ட ஒன்றை நாம் இன்று ஒரே வரியில் 'நஞ்சுத்தலை' என்று முடித்துவிடுவது சரியில்லை.

இன்னொன்று. பழைய ஆங்கிலத்தில் உடம்பின் மேலிருக்கும் தலைக்குச் சொல் 'ஹெயாஃபொட்'. கொப் என்பது மலையுச்சி, பொருள்களின் நுனி. ஜெர்மனில் கொப்ஃப் என்றால் இன்று தலை. ஆனால் அதுவும் தொடக்கத்தில் கிண்ணத்தின் பெயர்தான், மண்டையோட்டின் வடிவம் கருதிப் பிற்காலத்தில்தான் தலைக்கு ஏறியது. இன்றைய ஜெர்மன், டச்சுப் பொருளைப் 10ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு அதை ஆதாரம் என்பது காலமுரண்.

ஏடகன்:

காப்வெப்பை எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று எதிர்பார்த்தேன். அது என் பக்கத்துக்கும் பொருந்தும் சான்று.

பழைய ஆங்கில ஏடுகளில் நமக்குக் கிடைப்பது கூட்டுச்சொல் மட்டுமே. தனிக் கொப்பெ சிலந்தியைக் குறிப்பதற்கு இடைக்காலத்தில்தான் சான்று தொடங்குகிறது. முதலில் நீண்ட சொல், பிறகு குறுகிய சொல் என்ற இந்த வரிசைக்கு மிக எளிய விளக்கம் இருக்கிறது: மக்கள் சொல்லைக் குறுக்கினார்கள். ஆம்னிபஸ் என்ற சொல்லில் முன்பகுதி உதிர்ந்து, வெறும் விகுதியாக இருந்த 'பஸ்' வண்டியின் பெயராக நின்றுவிடவில்லையா? பஸ் என்பதற்குத் தனியே ஊர்தி என்னும் பொருள் இருந்தது என்று அதைக்கொண்டு யாரும் வாதிடுவதில்லை. அதுபோல ஆட்டர்கொப்பெ வாயில் தேய்ந்து கொப்பெ ஆனது, அந்தக் கொப்பெயின் வலை கொப்பெவெப் ஆனது, வேல்ஸ்காரர்கள் தேய்ந்த வடிவத்தைக் கடன் வாங்கினார்கள். எல்லாம் ஒரே கோட்டில் அமைகின்றன.

டச்சு மொழியில் சிலந்தி 'ஸ்பின்னென்கொப்'. ஸ்பின்னென் என்பது நூற்பது; கொப் என்பது, நீங்களே சொன்னபடி, தலை. ஓரிடத்தில் நஞ்சுக் கொப், மற்றோரிடத்தில் நூற்கும் கொப். முன்பகுதி மாற, பின்பகுதி ஒரு வடிவத்தைக் குறிக்கும் பொதுச்சொல்லாக நிற்கிறது என்பதைத்தானே இது காட்டுகிறது?

எட்டுக்கால் நேயன்:

மொழியியல் எனக்குத் துறையன்று. சிலந்திகளை வகைப்படுத்துவது என் வேலை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு திருத்தம் மட்டும்.

சிலந்தியின் உடல் இரண்டு பகுதி. தலையும் மார்பும் ஒன்றாக இணைந்த முற்பகுதி ஒன்று, வயிறு ஒன்று. நஞ்சுச் சுரப்பிகள் முற்பகுதியில் இருந்து வாயருகே உள்ள நச்சுக் கொடுக்குகளின் வழியே வெளியேறுகின்றன. இங்கிலாந்துத் தோட்டங்களில் முதுகில் வெள்ளைச் சிலுவைக் குறியோடு வட்ட வலை பின்னும் சிலந்தியைப் பார்த்தால், பளிச்சென்று கண்ணில் படும் உருண்டை அதன் வயிறு. அங்கே இருப்பது பட்டுச் சுரப்பி. ஆகவே 'உருண்டு திரண்டது' என்று கண்ணால் பார்த்துப் பெயரிட்டிருந்தால் அது நஞ்சில்லாத பகுதியின் பெயர். 'தலை' என்று பெயரிட்டிருந்தால் கண்ணுக்குப் படாத சிறிய பகுதியின் பெயர். ஊர் மக்கள் உடற்கூறு பார்த்துப் பெயர் வைப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஏடகன் அவர்கள் 'இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றியிருக்காது' என்று எழுதியிருந்ததால் சொன்னேன்.

கூடுதலாக ஒரு செய்தி. நியூயார்க் மாநிலத்தின் கில்போவா என்ற இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 38 கோடி ஆண்டுப் பழைமையான புதைபடிவ உயிரினம் ஒன்றுக்கு 1991இல் 'அட்டர்கோபஸ்' என்று பேரினப் பெயர் சூட்டினார்கள். அதுவே உலகின் மிகப் பழைய சிலந்தி என்று அப்போது கருதப்பட்டது. 2008இல் மீண்டும் ஆராய்ந்தபோது, அதற்குப் பட்டு நூலை வெளியிடும் நுண்குழல்கள் இருந்தாலும் சிலந்திகளுக்கே உரிய நூற்பு உறுப்புகள் இல்லை என்று தெரிந்து, அதை வேறு வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். அட்டர்கோபஸ் சிலந்தி இல்லை. பெயர் மட்டும் சிலந்தியாகவே இருக்கிறது.

எரிதழல்:

இத்தனை பேர் எழுதியும் ஒருவருக்கும் கண்ணில் படவில்லையே! அட்டை என்பது ஊர்ந்து சென்று கடிக்கும் உயிர். கொப்புளம் என்பது அந்தக் கடியால் எழுவது. அட்டை, கொப்புளம், அட்டர், கொப்பெ. போதாக்குறைக்கு நம் மொழியில் சிலந்தி என்ற சொல்லுக்கே பூச்சி என்றும் கட்டி என்றும் இரண்டு பொருள் உண்டு. 'காலில் சிலந்தி வந்திருக்கிறது' என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதில்லையா? சிலந்தியையும் கொப்புளத்தையும் ஒன்றாகப் பார்த்த இனம் எது? இந்தச் சொல் எங்கிருந்து போயிற்று என்பதை நான் சொல்லவும் வேண்டுமா?

கயல் (ஒஸ்லோ):

எரிதழல் அவர்களே, ஒலி ஒத்திருப்பதை மட்டும் கொண்டு உறவு சொல்ல முடியுமானால், எந்த மொழியையும் எந்த மொழிக்கும் பிள்ளையாக்கிவிடலாம். ஒலிகள் எல்லாச் சொற்களிலும் ஒரே முறையில் மாறியிருக்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் 'ஆ' வரும் இடத்தில் ஜெர்மனில் 'ஐ', ஸ்காண்டிநேவிய மொழிகளின் தாயான பழைய நார்ஸ் மொழியில் 'எய்' வருவது ஒரு வாய்பாடு. கல்லுக்கு ஆங்கிலத்தில் ஸ்டான், ஜெர்மனில் ஷ்டைன், நார்ஸில் ஸ்டெய்ன். வீட்டுக்கு ஹாம், ஹைம், ஹெய்ம். இப்போது ஆட்டர் என்பதை அந்த வாய்பாட்டில் வைத்துப் பாருங்கள்: நார்ஸில் எய்ட்ர், பொருள் நஞ்சு; ஜெர்மனில் ஐட்டர், பழைய பொருள் நஞ்சு, இன்றைய பொருள் சீழ். மூன்றும் வரிசை பிசகாமல் நிற்கின்றன. இவற்றுக்கு மூலமான வேருக்கு 'வீங்குதல்' என்று பொருள் கொள்கிறார்கள். கிரேக்கத்தில் வீக்கத்தைக் குறிக்கும் 'ஒய்டோஸ்' அதே வேர், 'வீங்கிய பாதம் உடையவன்' என்னும் பொருளுடைய ஈடிபஸ் மன்னனின் பெயரிலும் அதுவே இருக்கிறது. வீக்கம், சீழ், நஞ்சு என்று பொருள் நகர்ந்த வழி இது. தமிழில் சிலந்தி என்ற சொல் பூச்சியிலிருந்து கட்டிக்கு நகர்ந்தது உண்மை. சிலந்தி நஞ்சால் கட்டி வரும் என்ற நம்பிக்கை இரண்டு நாட்டிலும் தனித்தனியே தோன்றக்கூடியதுதான். அது மனிதர்களின் தோலைப் பற்றிய செய்தியே ஒழிய, சொல் பயணம் செய்ததற்குச் சான்றாகாது.

அட்டை என்பதற்கு இந்த வாய்பாட்டில் இடமே இல்லை. நீங்கள் ஆங்கில வடிவத்தை மட்டும் பார்த்தீர்கள். நார்ஸ் வடிவத்தை முதலில் பார்த்திருந்தால் அட்டை நினைவுக்கு வந்திருக்குமா?

நோர்வேயில் சிலந்திக்கு இன்றும் 'எடர்கொப்' என்றுதான் பெயர், டேனிஷிலும் அதுவே. கொப் என்றால் இங்கே தேநீர்க் கோப்பை. என் மகள் பள்ளியில் இந்தச் சொல்லைப் படித்த நாளில் 'அம்மா, இதுக்குள்ள என்ன கோப்பை இருக்கு?' என்று கேட்டாள். டேனிஷில் எடர் தனித்து வழங்குவது அருகிவிட்டது. ஆனால் ஒருவர் சினத்தைக் கொட்டும்போது அவர் நஞ்சும் பித்தமும் கக்குகிறார் என்று சொல்லும் தொடரில் அது உயிரோடு இருக்கிறது.

எரிதழல்:

நீங்கள் சொல்லும் வாய்பாட்டிலேயே ஓட்டை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ட்' வரும் இடத்தில் ஜெர்மனில் 'ஸ்' வரவேண்டும் என்று உங்களைப் போன்றவர்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். வாட்டர், வாஸ்ஸர். பெட்டர், பெஸ்ஸர். அப்படியானால் ஆட்டருக்கு ஜெர்மனில் 'ஐஸ்ஸர்' அல்லவா இருக்க வேண்டும்? ஐட்டர் எப்படி வந்தது? உங்களுக்கு வேண்டும்போது விதி, வேண்டாதபோது விலக்கா?

கயல் (ஒஸ்லோ):

நல்ல கேள்வி. ஆனால் அந்த விலக்கும் விதிதான்.

ஜெர்மனில் 'ட்' திரிந்தபோது, அதை அடுத்து உடனே 'ர்' ஒட்டி நின்ற இடங்களில் மட்டும் திரியவில்லை. நீர்நாய்க்கு ஆங்கிலத்திலும் ஒட்டர், ஜெர்மனிலும் ஒட்டர். கசப்புக்கு இரண்டிலும் பிட்டர். இவற்றின் மூல வடிவத்தில் ட், ர் இரண்டுக்கும் இடையே உயிரெழுத்து இல்லை. பிற்காலத்தில்தான் ஓர் உயிர் நுழைந்தது. வாட்டர், பெட்டர் இரண்டிலும் தொடக்கம் முதலே இடையில் உயிர் இருந்தது, ஆகவே அவை திரிந்தன. நஞ்சுச் சொல்லின் மூலத்தில் 'ட்ர்' ஒட்டியே இருந்தது என்பதை நார்ஸ் எய்ட்ர் இன்றும் காட்டுகிறது. ஆகவே ஜெர்மனில் ஐட்டர் என்றுதான் வரவேண்டும். ஐஸ்ஸர் என்று வந்திருந்தால்தான் எனக்குக் கவலை.

சுடர்:

இழையை முழுதும் படித்தேன். எளிய கேள்வி ஒன்று: விரியன் பாம்பை ஆங்கிலத்தில் ஆடர் என்கிறார்களே, அதுவும் இந்த ஆட்டரும் ஒன்றா? டேனிஷ் எடர் என்பதைப் பார்த்ததும் அப்படித்தான் தோன்றியது.

கயல் (ஒஸ்லோ):

இல்லை, சுடர். பாம்பின் பழைய பெயர் 'நேட்ரெ', ஜெர்மனில் நாட்டர். 'ஒரு' என்னும் பொருளில் முன்னால் வரும் 'அ' என்ற சொல்லோடு சேர்த்து 'அ நாடர்' என்று சொன்னதைக் கேட்டவர்கள் 'அன் ஆடர்' என்று பிரித்துவிட்டார்கள். முன்னாலிருந்த நகர ஒலி இடம் மாறிப் போயிற்று. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரனும் 'நேப்ரன்' என்றிருந்து இப்படித்தான் தலையை இழந்தது. பாம்பின் பெயர், நஞ்சின் பெயர் இரண்டிலும் பழைய நெடில் குறுகியதற்குக் காரணம் ஒன்றே: ரகரத்துக்கு முன் மெய் இரட்டித்தால் முன்னுள்ள நெடில் குறிலாகும். ஆட்டர் அட்டர் ஆனதும் அவ்வழியே. உறவு அந்த அளவோடு நின்றுவிடுகிறது.

மொழிவேள்:

வட நாட்டுச் சான்று வந்துவிட்டதால் ஏடகன் அவர்களின் 'குறுக்கம்' கொள்கைக்குத் திரும்புகிறேன்.

ஐஸ்லாந்தில் சிலந்தியின் பெயர் 'கோங்குலோ', பழைய வடிவம் 'கோங்குல்வாவா' போன்றது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு உறவாகக் கருதப்படும் 'கங்கெல்வாவ்ரெ' என்ற சொல் இருக்கிறது. நடந்து நடந்து நெய்வது என்று அதைப் பிரிக்கலாம். ஆக, வடவர்க்கும் ஆங்கிலேயர்க்கும் பொதுவாக இருந்த பழம்பெயர் இந்த நெசவுப் பெயர்தான். நஞ்சுப் பெயர் டேனிஷ், நோர்வீஜியன், ஸ்வீடனின் சில வட்டாரங்கள், ஆங்கிலம் என்று வடகடலைச் சுற்றியே நிற்கிறது, ஐஸ்லாந்துக்கு ஏறவில்லை. இது ஒரு வட்டாரத்தில் பின்னால் எழுந்து பரவிய பெயர் என்று நான் கருதுகிறேன். அதே வட்டாரத்தின் தென்கரையில்தான் நஞ்சில்லாத ஃபிளெமிஷ் கொபெயும் இருக்கிறது. இங்கிலாந்துச் சிற்றூரில் வாய் தேய்ந்து குறுகிய சொல் ஃபிளாண்டர்ஸிலும் அதே வடிவில் அதே பொருளில் குறுகியது என்று நம்புவதைவிட, இரு கரையிலும் கொப்பெ, கொபெ என்று சிலந்திக்கு ஒரு பழைய பெயர் இருந்து, அதன்மேல் சிலர் 'நஞ்சு' என்றும் சிலர் 'நூற்கும்' என்றும் அடைமொழி ஏற்றினார்கள் என்று நம்புவது எளிது. உங்கள் டச்சு ஸ்பின்னென்கொப்பையும் அப்படியே படிக்கலாம்; 'நூற்கும் தலை' என்பதைவிட 'நூற்கும் சிலந்தி' என்பது கேட்க நன்றாக இல்லையா?

அடைமொழி ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் விடை இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட பால்ட் என்பாரின் மருத்துவ ஏட்டில் சிலந்திக்கடிக்குத் தனித்தனி வைத்தியம் உண்டு. கங்கெல்வாவ்ரெ கடித்தால் பச்சைக் கோழிமுட்டையை ஏல் மதுவில் அடித்து, புத்தம்புதிய ஆட்டுச் சாணத்தைக் கலந்து, நோயாளி அறியாதபடி நல்ல கிண்ணம் நிறையக் குடிக்கக் கொடுக்கச் சொல்கிறது அந்த ஏடு. அதிலேயே 'ஹுன்டா', அதாவது வேட்டைக்காரன் என்று மற்றொரு சிலந்தியும் வருகிறது; அதன் கடி இதைவிடக் கடியது என்ற குறிப்போடு. இப்படி நெய்வது, வேட்டையாடுவது என்று வகை பிரித்துப் பேசிய மக்கள் கடிக்கும் கொப்பெயை நஞ்சுக் கொப்பெ என்று பிரித்ததில் வியப்பில்லை.

ஏடகன்:

வைத்திய ஏட்டைக் கொண்டுவந்ததற்கு நன்றி. அந்த ஹுன்டாவை நான் என் பக்கத்துக்கு அழைத்துக்கொள்கிறேன். அச்சொல்லின் இலக்கணத்தைப் பாருங்கள். வேட்டை என்னும் அடிச்சொல்லோடு 'ஆ' என்னும் ஈறு சேர்ந்து, அதை உடையவன், அதைச் செய்பவன் என்னும் பொருள் வருகிறது. பழைய ஆங்கிலத்தில் இந்த வகைப் பெயர்ச்சொற்கள் ஏராளம். கொப் என்பது முகடு. அதோடு அதே போன்ற ஈறு சேர்ந்தால் கொப்பெ, 'முகடு உடையது'. நான் தொடக்கத்தில் எழுதிய 'தலை' என்னும் சொல்லில் நீங்கள் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். முகடு, உருண்டை என்று எழுதினாலும் என் வாதம் அப்படியே நிற்கும். நஞ்சு நிரம்பிய உருண்டையை உடைய உயிர்.

குறுக்கத்துக்கும் தக்க சூழல் இருந்தது. 'ஆந்தையும் நைட்டிங்கேல் பறவையும்' என்ற இடைக்கால ஆங்கில விவாதப் பாட்டில், ஆந்தை மற்றதைப் பார்த்து 'சிலந்தியும் அழுக்கு ஈயும் தவிர நீ என்ன தின்கிறாய்?' என்று ஏளனம் செய்கிறது. அங்கே சிலந்திக்கு உள்ள சொல் அட்டர்கொப்பெ. பறவை நாள்தோறும் கொத்தித் தின்னும் சாதாரணப் பூச்சி அது. நஞ்சு என்ற நினைப்பே அங்கே இல்லை. அதாவது நீங்கள் சொல்லும் 'கடிக்கும் தனி இனம்' என்ற வேறுபாடு அப்பாட்டில் தென்படவில்லை. எந்தச் சிலந்தியும் அட்டர்கொப்பெ. முன்பகுதியின் பொருள் மங்கிய பிறகு, அது உதிர்வதற்குத் தடையென்ன?

சுடர்:

இப்போதைய ஸ்பைடர் என்ற சொல் எப்போது வந்தது?

ஏடகன்:

அதுவும் பழையதே, நூற்பதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. லக்னுங்கா என்று அழைக்கப்படும் மருத்துவத் தொகுப்பில் 'குள்ளப் பேய்க்கு' எதிரான மந்திரம் ஒன்று, ஏதோ ஒரு சிற்றுயிர் உள்ளே நடந்து வந்தது என்று விவரிக்கிறது. அந்த இடத்தில் ஏட்டின் எழுத்து சிக்கலானது; அதைத் திருத்தி 'ஸ்பைடர் உயிர்' என்று படிப்பவர்கள் பலர், ஏற்காதவர்களும் உண்டு. பொதுவழக்கில் ஸ்பைடர் வென்றது. அட்டர்காப் வட்டாரங்களுக்கு ஒதுங்கியது. ஜோசப் ரைட் 1898 முதல் 1905 வரை வெளியிட்ட ஆங்கில வட்டார வழக்கு அகராதியில் அது பதிவாகியிருக்கிறது.

மொழிவேள்:

ஆந்தையின் வரியை நீங்கள் எடுத்தது நல்லதே. ஆனால் ஒரு பாட்டில் அடைமொழியின் பொருள் மங்கியிருப்பதால், அது பிறக்கும்போதும் மங்கியே இருந்தது என்று ஆகாது. நடுவில் சில நூற்றாண்டுகள் கிடக்கின்றன.

'முகடு உடையது' என்னும் இலக்கண விளக்கத்தை நான் முழுவதும் மறுக்கவில்லை. அப்படிப் பிறந்திருந்தால் கூட, அது நஞ்சோடு சேர்வதற்கு முன்பே தனியாகப் பிறந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம். உருண்டையான உடலைக் கண்டு 'உருண்டையன்' என்பது போல ஒரு பெயர் வைத்தார்கள். பிறகு கடிப்பதை 'நஞ்சு உருண்டையன்' என்றார்கள். எட்டுக்கால் நேயன் சொன்ன உடற்கூற்றுச் சிக்கலும் இதில் தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் உருண்டை என்பது வயிற்றுக்கும், நஞ்சு என்பது கொடுக்குக்கும் உரியதாகிவிடும். நஞ்சு நிரம்பிய உருண்டை என்று இரண்டையும் ஒரே உறுப்பில் ஏற்ற வேண்டியதில்லை.

உருண்டை கண்டு சிலந்திக்குத் தனிப்பெயர் இடும் வழக்கம் பழைய ஆங்கிலத்தில் இருந்ததற்குச் சான்று வேண்டுமென்றால், 'லொப்பெ'யைப் பாருங்கள். அடைமொழி எதுவும் இல்லாமல் தனித்தே சிலந்தியைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல் அது. கனத்துத் தொங்குவது, திரண்டிருப்பது என்னும் சொற்குடும்பத்தோடு அதைச் சேர்ப்பார்கள். 1391இல் ஆங்கிலக் கவிஞர் சாசர் வானளவிக் கருவியைப் பற்றி எழுதிய நூலில், அக்கருவியின் மேல்தட்டு வலை போலவும் லொப்பெயின் பின்னல் போலவும் இருக்கும் என்று விளக்குகிறார். அரபியர் அந்தத் தட்டையே 'அன்கபூத்', அதாவது சிலந்தி என்று அழைத்தார்கள், அது வேறு கதை. லாப்ஸ்டர் என்னும் கடலுயிரின் பெயர் இலத்தீனச் சொல்லொன்று லொப்பெயின் சாயலேறி உருமாறியது என்றும் சொல்வார்கள். லொப்பெ தனியே வாழ முடியுமானால் அதே அச்சில் வார்த்த கொப்பெ ஏன் தனியே வாழ்ந்திருக்கக் கூடாது?

எட்டுக்கால் நேயன்:

வயிறு உருண்டை, கொடுக்கு நஞ்சு என்று பிரித்துப் பார்த்தால் விலங்கியல் பக்கத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கயல் (ஒஸ்லோ):

ஒன்றை இரண்டு பேரும் தொடவில்லை. டேனிஷ் எடர்கொப்பில் உள்ள பின்பகுதி அந்த மொழியில் தனியாக ஒருபோதும் சிலந்தியைக் குறித்ததாக எனக்குக் கிடைத்த அகராதிகளில் இல்லை. மொழிவேள் சொல்வது போலக் கொப்பெ கடலின் இரு கரைக்கும் பொதுவான சிலந்திப் பெயர் என்றால், டேனிஷில் அது அடைமொழியோடு மட்டும் எப்படி வந்து சேர்ந்தது? கூட்டுச்சொல்லாகவே ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடனாகப் போயிருந்தால் இதற்கு விளக்கம் கிடைக்கும். அப்படியானால் 'இரு கரையிலும்' என்ற உங்கள் வாதத்தில் வடகரையை எடுத்துவிட்டு ஃபிளெமிஷை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிவேள்:

எடுத்துக்கொள்கிறேன். ஃபிளெமிஷ் ஒன்றே எனக்குப் போதும்.

ஏடகன்:

எனக்குப் போதாது. ஃபிளெமிஷ் கொபெ ஸ்பின்னென்கொப்பிலிருந்து அங்கேயே குறுகியதாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் நடந்தது பக்கத்து மொழியில் நடக்கக் கூடாதா? லொப்பெ தனித்து இருந்தது என்பதற்கு ஏடு இருக்கிறது, அதனால் அதை ஏற்கிறேன். கொப்பெக்கு ஏடு இல்லை. பழைய ஆங்கிலக் காலத்துச் சொற்பட்டியல் ஒன்றிலோ உரைக்குறிப்பு ஒன்றிலோ நஞ்சில்லாமல் தனியே நிற்கும் கொப்பெயைச் சிலந்தி என்னும் பொருளில் காட்டுங்கள். அதுவரை முழுச்சொல்லே மூலம், குட்டைச்சொல் அதன் பிள்ளை என்றே எழுதுவேன்.